பத்தாவது கிலோமீட்டர்

டிசம்பர் 2, திங்கள்

கம்பத்தில் மருந்துக்கடை வைத்திருக்கும் நர்கீஸ் பானு காலையில் வீட்டுக்கு வந்தார். ஞாயிறுதோறும் ஓடுகிற குழு ஒன்று அங்கே இருக்கிறது. அவர்தான் அதற்குத் தலைவி. பொங்கல் முடிந்து ஜனவரி 19ஆம் தேதி எங்கள் ஊரில் பத்து கிலோமீட்டர் ஓட்டம் நடத்தப் போகிறார்களாம். வெளியூரிலிருந்து நூறு பேர் வருவார்களாம்.

"ஆறு, மலை, திராட்சைத் தோட்டம், மூணும் பாதையில வரணும் சார். இந்தப் பக்கம் ஒவ்வொரு வரப்பும் தெரிஞ்சவங்க நீங்க ரெண்டு பேருதான்னு சொன்னாங்க."

இரண்டு பேர் என்றால் நானும் ஒச்சப்பனும். நான் முப்பத்து நான்கு வருடம் புவியியல் நடத்தினேன். அவன் அதே பள்ளியில் விளையாட்டு ஆசிரியர். கண்ணில் நீர் அழுத்தம் ஏறி, மூன்று வருடமாக அவனுக்குப் பார்வை இல்லை. வெளிச்சமும் இருட்டும் மட்டும் பிரித்துத் தெரியும்.

நர்கீஸை அவன் வீட்டுக்கு அழைத்துப் போனேன். பத்து வீடு தள்ளித்தான். விஷயத்தைக் கேட்டதும் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டான்.

"பாதை போட்டுத் தர்றேம்மா. ஆனா நானும் ஓடுவேன்."

"எப்படி சார்?"

"கையில ஒரு கயிறு. அடுத்த நுனிய இந்தச் சவரி பிடிச்சுக்குவான். ஊர் ஊருக்கு அப்பிடித்தான் ஓடுறாங்க."

"நான் பஸ்ஸுக்குக்கூட ஓடினதில்லைடா" என்றேன்.

"அதான் ரிட்டயர் ஆகுற வரைக்கும் லேட்டா வந்த."

நர்கீஸ் சிரித்தார். அவன் நின்றபடியே பாதையைச் சொன்னான். "பாலத்துல ஆரம்பி. ஆத்தங்கரையோட மூணு. தென்னந்தோப்புக்குள்ள பூந்து வாய்க்கா ரோட்டுல ரெண்டு. அங்கிட்டு மலையடிவாரம் ஏறி எறங்க நாலு. கடைசி ஒண்ணு என் திராட்சைப் பந்தலுக்குள்ள. வெயில் ஏறுற நேரம், நெழல்ல குளுகுளுன்னு வந்து முடிப்பாய்ங்க."

அவன் மனைவி பேச்சியம்மாள் காப்பியை என் கையில் கொடுக்கும்போது என் முகத்தைப் பார்த்தாள். நான் காப்பியைப் பார்த்தேன்.

"கடைசி ஒண்ணு மட்டும் யோசிக்கணும், ஒச்சு. சகதியா இருக்கும்."

"டிசம்பர்ல பேஞ்ச மழை ஜனவரி பாதி வரைக்குமா நிக்கும்? புவியியல் வாத்தியாராடா நீ?"

டிசம்பர் 4, புதன்

முதல் பயிற்சி. காலை ஆறே கால். கொடி கட்டும் சணலை மூன்று புரியாக முறுக்கி, இரண்டு நுனியிலும் வளையம் போட்டுக் கொண்டு வந்திருந்தான். ஒன்று அவன் இடது மணிக்கட்டில், மற்றது என் வலது மணிக்கட்டில். நடுவில் ஒரு முழம்.

சொற்களை முடிவு செய்துகொண்டோம். மேடு, பள்ளம், கல், சகதி, இடது, வலது, நில். அதிகம் பேசக் கூடாது என்றான். அதே மூச்சில், "ஆனா சுத்தி என்ன தெரியுதுன்னும் சொல்லிட்டே வரணும்" என்றான்.

ஒரு கிலோமீட்டருக்குப் பதினோரு நிமிடம். விழவில்லை. எனக்குத்தான் விலா பிடித்துக்கொண்டது.

டிசம்பர் 7, சனி

மிதிவண்டியில் தனியாகப் போய்ப் பாதையை அளந்தேன். முன்சக்கரத்தில் சிவப்புத் துணி கட்டி, சுற்று எண்ணுகிற பழைய முறை.

எங்கள் பள்ளத்தாக்கை வகுப்பில் விளக்க முறத்தைத்தான் உதாரணம் சொல்வேன். மூன்று பக்கம் விளிம்பு, ஒரு பக்கம் திறப்பு. மேற்கே கேரள மலை, கிழக்கே மேகமலை, தெற்கே இரண்டும் நெருங்கி வந்து ஒட்டிக்கொள்ளும். வடகிழக்கில் திறந்திருக்கும் வாய் வழியாக முல்லைப் பெரியாறு போகிறது. ஓடுகிறவனுக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது. முதல் மூன்று கிலோமீட்டர் தண்ணீர்ச் சத்தம் கூடவே வருகிறது. தோப்புக்குள் நுழைந்ததும் அது சட்டென்று நின்றுபோகிறது. வாய்க்கால் ரோட்டில் இரண்டு பக்கமும் நாற்று. ஆறாவதில் ஏற்றம் தொடங்கி, எட்டாவதில் திரும்பிப் பார்த்தால் கீழே முழுக்கப் பந்தல். பச்சைப் பாய் விரித்த மாதிரி.

அந்தப் பாயில் ஓரிடத்தில் செம்மண் தெரிகிறது. ஒன்பதாவது கிலோமீட்டர் முடிகிற இடம். ஒச்சப்பனின் தோட்டம்.

எழுதித்தான் ஆக வேண்டும். தோட்டம் இப்போது இல்லை. ஜூன் மாதம் விற்றாகிவிட்டது. விற்றது கோயம்புத்தூரில் இருக்கும் அவன் மகன் கதிரவன். கண் போன பிறகு ஆஸ்பத்திரி, வங்கி வேலைகளுக்காக ஒச்சப்பன் அவனுக்கு எல்லா அதிகாரமும் தந்து பவர் எழுதிக் கொடுத்திருந்தான். வாங்கியவர் மனை போடுகிறார். கம்பியை இழுத்து, பந்தலைத் தாங்கிய கல்கால்களைப் பிடுங்கி, நடுவே முப்பதடி ரோடு விட்டிருக்கிறார்கள். தோட்டம் குத்தகையில் இருக்கிறது, கொடி வெட்டுகிற அடுத்த கவாத்து தை மாதம் என்று ஒச்சப்பன் நினைத்துக்கொண்டிருக்கிறான்.

பேச்சியம்மாளிடம் ஆகஸ்டில் கேட்டேன். "பொங்கலுக்கு வந்து நானே சொல்றேம்மான்னு சத்தியம் பண்ணிருக்கான்ண்ணே. பெத்த மகன் வாயால கேக்கட்டும். நீங்க வாயத் தொறந்துறாதீங்க" என்றாள். அது நியாயமாகவே பட்டது. குடும்ப விஷயம்.

ஆனால் பாதை போடுகிற வேலை என்னிடம் வந்திருக்கிறது.

டிசம்பர் 11, புதன்

மூன்று கிலோமீட்டர். நான் "கல்" என்று சொன்னால் அவன் கால் உடனே உயர்கிறது. சொல்லுக்கும் காலுக்கும் நடுவில் இடைவெளியே இல்லை. திசை நடத்தும்போது ஒரு மாணவனின் கண்ணைக் கட்டி, மற்றவர்களை வழி சொல்லச் சொல்வேன். எந்த மாணவனும் முதல் அடியைத் தயங்காமல் வைத்ததில்லை; ஒரு காலை நீட்டித் தரையைத் தடவிப் பார்ப்பான். ஒச்சப்பன் தடவிப் பார்ப்பதில்லை.

எனக்கு இரவில் சரியாகத் தூக்கமில்லை. பனி காரணமாக இருக்கலாம்.

டிசம்பர் 15, ஞாயிறு

"இன்னைக்கு என் பந்தலுக்குள்ள கூட்டிட்டுப் போ" என்றான்.

மழை, சகதி, மருந்து அடித்திருக்கிறார்கள், எல்லாம் சொல்லிப் பார்த்தேன். "மருந்து அடிச்சா அடிக்கட்டும். மூக்கப் பொத்திக்கிட்டு ஓடுவோம்" என்றான். நடுரோட்டில் நின்று எவ்வளவு நேரம் பேச முடியும்?

வாய்க்காலுக்கு வடக்கே கூடலிங்கத்தின் தோட்டம் இருக்கிறது. பன்னீர்த் திராட்சைதான். காய் பழுக்கிற பருவம். அதற்குள் அழைத்துப் போனேன். உன் தோட்டம் என்று நான் சொல்லவில்லை. "வந்தாச்சு" என்று மட்டும் சொன்னேன்.

உள்ளே நுழைந்ததும் குளிர்ந்தது. அவன் முகம் மலர்ந்தது. வேகம் கூட்டினான். இருபது அடி போயிருப்போம், ஒரு குலை அவன் நெற்றியில் இடித்தது. அவன் என்னைவிட ஒரு சாண் உயரம். நின்று அதைத் தொட்டுப் பார்த்தான்.

"காய் பாரத்துல கம்பி தொங்கிருச்சு" என்றேன்.

"ம். இழுத்துக் கட்டச் சொல்லணும்."

பக்கத்துத் தூணில் கையை வைத்தான். கூடலிங்கம் சிமென்ட் தூண் நட்டிருக்கிறார். முகத்தைக் கொஞ்ச நேரம் வெயில் விழும் பக்கமாகத் திருப்பி வைத்திருந்தான். பிறகு என் தோளைத் தட்டி, "போலாம்டா, போலாம். களைச்சிருப்ப" என்றான். குரல் மிகவும் கனிவாக இருந்தது. திரும்பும் வழியெல்லாம் கயிற்றை அவன்தான் இறுக்கிப் பிடித்துக்கொண்டு வந்தான்.

அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. நல்லவேளை.

டிசம்பர் 16, திங்கள்

முழங்காலுக்குத் தைலம். வேறொன்றும் இல்லை.

டிசம்பர் 19, வியாழன்

நாலரை கிலோமீட்டர். ஓடிக்கொண்டிருக்கும்போது ஒச்சப்பன், "இன்னைக்கு என்ன கெழமைடா?" என்று கேட்டான். வியாழன் என்றேன். "சபாஷ்" என்றான். கொஞ்சம் தள்ளி, "நாம சேர்ந்தப்ப இருந்த ஹெட்மாஸ்டர் பேரு என்ன?" என்றான். சொன்னேன். "காலைல என்ன சாப்ட்ட?" "ஒண்ணும் சாப்பிடல, உன்கூடத்தானே ஓடுறேன்." "ஆமா, ஆமா" என்று சந்தோஷப்பட்டான்.

பார்வை இல்லாதவர்களுக்கு நாள் கணக்குத் தப்பிவிடும் போலிருக்கிறது. பாவம். இனிமேல் தினமும் நானே கிழமையைச் சொல்லிவிட வேண்டும்.

டிசம்பர் 24, செவ்வாய்

கிறிஸ்துமஸுக்கு முன் சர்ச்சில், பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனம். வரிசை நீளம். எனக்கு முன்னால் பதினாறு பேர். மனைவி லில்லியிடம் கோபப்பட்டது, இரண்டு ஞாயிறு பூசைக்குப் போகாதது, பொறாமை, எல்லாம் சொன்னேன். மற்றதைச் சொல்லவில்லை. மற்றது பாவக் கணக்கில் வருமா என்று எனக்குத் தெளிவில்லை.

இந்த நோட்டில் சொல்லிவிடுகிறேன். இது பாதிரியார் இல்லை.

ஜூன் மாதம் பத்திரப் பதிவு அன்று கதிரவன் என்னைக் கூட்டிப் போனான். சாட்சிக் கையெழுத்துக்கு. இந்த ஊரில் யார் எதை விற்றாலும் வாங்கினாலும் வாத்தியார் கையெழுத்து ஒன்று வேண்டும். இதுவரை அறுபது பத்திரத்திலாவது போட்டிருப்பேன். "அப்பாகிட்டச் சொல்லிட்டேன் சார்" என்றான். போட்டேன். பிறகு இரண்டு பேரும் வெளியே நின்று எலுமிச்சைச் சாறு குடித்தோம்.

பத்து வீடு தள்ளி இருக்கிறவனிடம், போகிற வழியில் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஆகஸ்டில் அவன் அடுத்த கவாத்தைப் பற்றிப் பேசியபோதுதான் அவனுக்குத் தெரியாது என்பது தெரிந்தது.

கையெழுத்து விஷயம் லில்லிக்குத் தெரியும். நட்சத்திர விளக்கு கட்டிக்கொண்டிருந்தபோது, "பொங்கல் வரைக்கும்னு சொல்லுறீங்க. பொங்கலுக்கு அந்தப் பையன் வாயத் திறக்கலைன்னா?" என்றாள்.

"திறப்பான்."

"திறக்கலைன்னா?"

விளக்கு எரிகிறதா என்று போட்டுப் பார்த்தேன்.

டிசம்பர் 28, சனி

ஆறு கிலோமீட்டர். நர்கீஸ் வரைபடம் கேட்கிறார். கடைசிக் கிலோமீட்டரை மூன்றாவது முறையாக மாற்றினேன். முதலில் கூடலிங்கம் தோட்டம். அவர் ஒத்துக்கொள்ளவில்லை, குலையைப் பறித்துவிடுவார்கள் என்றார். பிறகு கோயில் தெரு, அங்கே நாய்கள். இப்போது மறுபடியும் வாய்க்கால் ரோடு. ஒவ்வொரு முறையும் ஒச்சப்பனிடம் ஒரு காரணம் சொல்கிறேன். முன்பென்றால் சண்டை போடுவான். இப்போது, "சரிப்பா, நீ எப்பிடிச் சொல்றியோ அப்பிடி" என்கிறான். நான் அவனைச் சோர்வடையச் செய்துவிட்டேன்.

பேச்சியம்மாள் வல்லாரைத் துவையல் கொடுத்தனுப்பினாள். இந்த மாதத்தில் ஐந்தாவது முறை.

ஜனவரி 3, வெள்ளி

நர்கீஸ் கடையில் மாத்திரை வாங்கப் போனேன். "உங்க உடம்பு எப்படி சார் இருக்கு? ஒச்சப்பன் சார் போன்ல விசாரிச்சார். நல்ல டாக்டர் யாராவது இருந்தாச் சொல்லச் சொன்னார்" என்றார்.

என் ஓட்டம் அவ்வளவு மோசமாகவா இருக்கிறது? அங்கேயே ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டேன். 130க்கு 84. ஒன்றும் குறையில்லை.

ஜனவரி 9, வியாழன்

எட்டு கிலோமீட்டர், மலையடிவாரம் வரை. ஏற்றத்தில் அவன் என்னை இழுத்துக்கொண்டு போனான். மேலே நின்று, "சொல்லு" என்றான். மேகமலையில் வெயில் பாதி இறங்கியிருக்கிறது, ஆற்றின்மேல் புகை மாதிரிப் பனி, சர்ச் கோபுரம், கீழே பந்தல் என்று சொன்னேன்.

"என் தோட்டம் தெரியுதா?"

"பனியா இருக்கு" என்றேன்.

பனி ஆற்றின்மேல் மட்டும்தான் இருந்தது.

ஜனவரி 15, புதன், மாட்டுப் பொங்கல்

கதிரவன் நேற்று வந்துவிட்டான், குடும்பத்தோடு. காலையும் மாலையும் இரண்டு முறை அந்த வீட்டைக் கடந்து நடந்தேன். உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது. சொல்லியிருந்தால் சிரிப்பு இருக்காது. அல்லது சொல்லி முடித்து, எல்லாம் சரியாகி, சிரிக்கிறார்களோ?

ஜனவரி 16, வியாழன்

கதிரவன் கிளம்பிவிட்டான். காரில் பையை வைத்துக்கொண்டிருந்தவனைத் தெருமுனையில் பிடித்தேன்.

"சொல்லிட்டியாப்பா?"

"எப்படி சார் சொல்றது? ரெண்டு நாளும் ஓட்டத்தப் பத்தியே பேசுறாரு. அவர இப்பிடிச் சந்தோஷமாப் பாத்து வருசமாச்சு. ஓட்டம் முடியட்டும். அடுத்த வாரமே ரெண்டு பேரையும் கோயம்புத்தூர் கூட்டிட்டுப் போயிர்றேன். அங்க வெச்சு மெதுவா…"

"ஞாயித்துக்கிழமை நூறு பேர் வர்றாங்க. நூறு பேரும் மலையிலருந்து அந்த இடத்தப் பாத்துட்டுப் பேசிக்கிட்டே ஓடுவாங்க. யாராவது ஒருத்தர் வாயிலருந்து வந்துரும்."

"நீங்க பாத்துக்குங்க சார். நீங்க சொன்னாத்தான் அவரு எதையும் நம்புறாரு."

கார் போய்விட்டது. வீட்டுக்கு வந்து லில்லியிடம் சொன்னேன். அவள் கரும்பை வெட்டிக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தவில்லை. "அந்தப் பத்திரத்துல உங்க பேருதான இருக்கு" என்றாள்.

ஜனவரி 17, வெள்ளி

நிதானமாக எழுதப் பார்க்கிறேன்.

கடைசிப் பயிற்சி, ஓட்டத்துக்கு முன் கால்களுக்கு வேலை கொடுக்க மூன்று கிலோமீட்டர் மட்டும். ஆற்றங்கரை முடியும் இடத்தில் நிறுத்தினேன்.

"ஒச்சு, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

அவன் சட்டென்று என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். "சொல்லுடா. அவசரமில்ல. மெதுவாச் சொல்லு."

"உன் தோட்டம்…"

"தெரியும்டா."

"என்ன தெரியும்?"

"அன்னிக்கு நீ கூட்டிட்டுப் போனது என் தோட்டமில்லன்னு தெரியும். என் பந்தல் என் ஒசரத்துக்குப் போட்டது, கொலை நெத்தியில இடிக்காது. என்னுது கல்காலு. வெயிலு முதுகுல அடிக்கணும், வலது கன்னத்துல அடிச்சுச்சு. வழி தப்பிட்டியேன்னு பகீர்னு இருந்துச்சு. சொன்னா ஒடஞ்சுபோயிருவன்னு வாய மூடிக்கிட்டேன்."

"வழி தப்பி…"

"உங்க அண்ணன் சூசைக்கு மறதி இப்பிடித்தான ஆரம்பிச்சது? மொதல்ல வழி, பெறகு கெழமை, பெறகு பேரு. அதான் தெனமும் உன்னைக் கேட்டுப் பாத்தேன். கெழமையெல்லாம் சரியாத்தான் சொல்ற. பாதையத்தான் மூணு தடவ மாத்திட்ட. நர்கீசுகிட்ட டாக்டருக்குச் சொல்லி வெச்சிருக்கேன். பயப்படாத. ஓட்டத்தன்னைக்கு நீ தடுமாறினாலும் எனக்கு வழி ஞாபகம் இருக்கு. ரெண்டு பேரும் சேந்தா ஒரு ஆளு தேறும்ல?"

சிரித்தான். ஒரு மாதமாக இவன் என்னைக் காப்பாற்றிக்கொண்டு ஓடியிருக்கிறான். பேச்சியம்மாள் உண்மை தெரிந்தும் ஒன்றும் சொல்லாமல், என் மறதிக்கென்று வல்லாரை அரைத்திருக்கிறாள்.

அப்படியே விட்டுவிடலாம் என்று ஒரு நொடி தோன்றியது. ஆமாம், எனக்கு மறதிதான் என்று சொல்லிவிட்டால் போதும். அவன் என்னை மன்னிக்கக்கூட வேண்டியிருக்காது. அந்த ஒரு நொடியையும் எழுதி வைக்கிறேன்.

"எனக்கு வழி தப்பல, ஒச்சு. தெரிஞ்சேதான் வேற தோட்டத்துக்குக் கூட்டிட்டுப் போனேன். உன் தோட்டம் இல்ல. வித்தாச்சு. ஜூன்லயே. கதிரு வித்தான். சாட்சிக் கையெழுத்து நான் போட்டேன்."

என் கையை விட்டான். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன், கையை உயர்த்தினான்.

"பந்தல்?"

"பிரிச்சாச்சு."

"கல்காலு?"

"புடுங்கி ஒரு ஓரமா அடுக்கியிருக்காங்க."

"வேரு?"

"ஜேசிபி வெச்சு எடுத்துட்டாங்க. மனை போடுறாங்க."

"பேச்சிக்கு?"

"தெரியும்."

"ஊருக்கு?"

"தெரியும். நர்கீசுக்குத் தெரியாது."

"அப்ப கம்பத்துக்காரிக்கும் எனக்குந்தான் தெரியாது."

மணிக்கட்டிலிருந்து வளையத்தைக் கழற்றினான். அவசரமில்லாமல்தான் கழற்றினான். பிறகு ஒன்று கேட்டான்.

"இம்புட்டு நாளும் கல்லு கல்லுன்னியே. அதெல்லாம் கல்லுதானா?"

"கல்லுதாண்டா, ஒச்சு."

"எனக்கு எப்பிடித் தெரியும்?"

கரையின் கைப்பிடிச் சுவரைத் தடவிக்கொண்டு திரும்பி நடந்தான். சுவர் முடிந்த இடத்தில் ஒரு காலை நீட்டித் தரையைத் தொட்டுப் பார்த்தான். மூன்று வருடத்தில் அவன் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. பத்தடி பின்னால் நடந்தேன். "பின்னாடி வராத" என்றான். நின்றேன். அவன் கொஞ்சம் போனதும் மறுபடி நடந்தேன். மூன்று கிலோமீட்டரையும் அப்படியே கடந்தோம்.

ஜனவரி 18, சனி

அவன் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. பதினோரு மணிக்கு நர்கீஸ் பேசினார். "ஒச்சப்பன் சார் நாளைக்கு என்னோட ஓடுறேன்னு சொல்லிட்டார் சார். உங்களுக்குள்ள ஏதாவது…?" பிறகு, "பாதையையும் மாத்தச் சொல்றார். கடைசிக் கிலோமீட்டர் முதல்ல சொன்னபடி அவர் தோட்டம் வழியாத்தான் போகணுமாம். என்ன இருந்தாலும் பரவாயில்லையாம்."

மாற்றிவிட்டேன். நான் ஒன்பதாவது கிலோமீட்டரில், தோட்டத்து வாசலில், தண்ணீர் கொடுக்க நிற்க வேண்டும்.

மாலை நாலு மணிக்குக் கூடையோடு அங்கே போனேன். முப்பதடி ரோடு, இருநூறு மீட்டர், நேர் மேற்கு. இரண்டு பக்கமும் முழங்கால் உயரத்துக்கு மனைக்கல், மஞ்சள் வண்ணம் அடித்து. கடைசியில், இடது பக்கம், ரோட்டுக்குள் கொஞ்சம் நீட்டிக்கொண்டு கல்கால் அடுக்கு. அதைத் தனியாளாக நகர்த்த முடியாது. ரோட்டில் கிடந்த கற்களை மட்டும் பொறுக்கினேன். ஏழு கூடை. பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு ஒருமுறை நடந்து பார்த்தேன். இரண்டு கல் காலில் தட்டுப்பட்டது. அதையும் எடுத்தேன். மறுபடி நடந்தேன்.

நர்கீஸோடு ஓடப் போகிறவனுக்கு நான் ஏன் இதைச் செய்கிறேன் என்று லில்லி கேட்டாள்.

ஜனவரி 19, ஞாயிறு

முடிந்ததை முதலில் எழுதிவிடுகிறேன். ஓட்டம் நல்லபடியாக நடந்தது. நூற்றுப் பதினான்கு பேர். எல்லோரும் பாதையைப் பாராட்டினார்கள். ஆற்றங்கரையில் நின்று படம் எடுத்தே பாதிப் பேர் நேரத்தைத் தொலைத்தார்கள். ஒச்சப்பன் ஒரு மணி முப்பத்தொரு நிமிடத்தில் முடித்தான். முடித்ததும் பேச்சியம்மாளோடு வீட்டுக்குப் போய்விட்டான். என்னிடம் பேசவில்லை. புதன்கிழமை கோயம்புத்தூர் போகிறார்கள். போகும் முன் கூப்பிடுவானா என்று தெரியாது. கூப்பிட மாட்டான் என்றே நினைக்கிறேன்.

தோட்டத்தில் நடந்தது இது.

ஏழே முக்காலுக்கு அவனும் நர்கீஸும் வாசலுக்கு வந்தார்கள். பின்னால் யாரும் இல்லை, அவர்கள்தான் கடைசி. நான் தம்ளரை நீட்டினேன். வாங்கியவன் விரல் என் விரலில் பட்டதும் நின்றுவிட்டான்.

"சவரியா?"

"ஆமா."

தண்ணீரைக் குடித்துவிட்டு, அவன் தோட்டம் இருந்த பக்கம் முகத்தைத் திருப்பினான். முதுகில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. நிழல் எங்கேயும் இல்லை.

"என்ன இருக்கு? சொல்லு."

சொன்னேன். "செம்மண் ரோடு. முப்பதடி அகலம். இருநூறு மீட்டர், நேரா மேக்கே. ரெண்டு பக்கமும் மனைக்கல், முழங்கால் ஒசரம். இடது பக்கம் பதினொண்ணு, வலது பக்கம் பதினொண்ணு. முடியிற எடத்துல இடது பக்கம் உன் கல்காலத்தனையும் அடுக்கி வெச்சிருக்காங்க. ரோட்டுக்குள்ள ரெண்டடி நீட்டிட்டு இருக்கு. வலது பக்கம் கெணறு, மூடிட்டாங்க. வேற ஒண்ணும் இல்ல, ஒச்சு. ஒரு செடி இல்ல."

"நடுவுல கல்லு?"

"இல்ல. நேத்துப் பொறுக்கிட்டேன்."

அவன் நர்கீஸ் பக்கம் திரும்பி, "கயித்த அவுத்துரும்மா" என்றான்.

"சார், வேணாம் சார்."

"தூணு இல்ல, கம்பி இல்ல, கொலை இல்ல. ஒண்ணுமில்லாத எடத்துல கயிறு என்னத்துக்கு?"

அவரே வளையத்தைக் கழற்றும்வரை காத்திருந்தான். வேண்டாம் என்று நானும் சொல்லியிருக்க வேண்டும். ஓட ஆரம்பித்துவிட்டான்.

மூன்று வருடத்தில் அவன் தனியாக ஓடி நான் பார்ப்பது இதுதான் முதல் தடவை. முதலில் கைகளை முன்னால் நீட்டி வைத்திருந்தான். பத்து அடியில் கீழே இறக்கினான். இருபது அடியில் மைதானத்தில் ஓடிய அதே ஆள். நெஞ்சை நிமிர்த்தி, முழங்கையை மடக்கி. கயிற்றில் கட்டிக்கொண்டு என்னோடு ஓடிய வேகம் அவனுடைய வேகமே இல்லை. நான் பின்னால் ஓடினேன். எட்டவில்லை. தூரம் கூடிக்கொண்டே போனது. "நேர், நேர், நேர்" என்று கத்திக்கொண்டே ஓடினேன்.

நூற்றைம்பது மீட்டர்வரை நேராகப் போனான். பிறகு மெல்ல இடது பக்கம் சாய ஆரம்பித்தான். கண் கட்டிய மாணவர்களுக்கும் இப்படித்தான் ஆகும். நேராகப் போவதாகவே நினைத்துக்கொண்டு ஒரு பக்கமாக ஒதுங்கிவிடுவார்கள். அவனுக்கு முன்னால் கல்கால் அடுக்கு. ஒவ்வொன்றும் ஏழடி, பட்டையாக உடைத்த கல், நுனிகள் ரோட்டைப் பார்த்து நீட்டிக்கொண்டிருந்தன. அந்த வேகத்தில் மோதினால் முழங்கால் போய்விடும்.

அடுக்குக்கும் அவனுக்கும் நடுவில் எட்டடி இருக்கும். எனக்கு மூச்சு இல்லை. இருந்ததையெல்லாம் சேர்த்து, "வலது!" என்று கத்தினேன்.

ஒரு அடிகூடத் தடவிப் பார்க்காமல், அதே வேகத்தில், அவன் வலது பக்கம் திரும்பினான்.